லேஸை அவிழ்க்காத பிள்ளை

கேள்வி: நான் ஃபிகர் ஸ்கேட்டிங் (ஐஸ் மேல் சறுக்கி ஆடும் ஆட்டம்) பயிற்சியாளர். பத்து வயது மாணவி ஒருத்தி என்னைப் படுத்துகிறாள். திறமை இருக்கிறது, ஆனால் அடங்காதவள். எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுவாள். ஆக்சல் ஜம்ப் செய்யச் சொன்னால் ஐஸ் மேலேயே உட்கார்ந்துவிடுவாள். மற்றப் பிள்ளைகளையும் பேச்சுக்கு இழுக்கிறாள். எல்லார் முன்னாலும் திட்டியும் பார்த்துவிட்டேன், பலனில்லை. வகுப்பு முடிந்தாலும் ஸ்கேட்ஸை, அடியில் பிளேடு வைத்த அந்த ஷூவை, கழற்ற மாட்டாள். வீட்டிலிருந்து ஆள் வரும்வரை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். ‘பிளேடு துருப்பிடிக்கும்’ என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறாது. பெற்றோர் அதற்கு மேல். நேரத்துக்கு வருவது அபூர்வம். அப்பாவைக் கேட்டால் இன்று அம்மா முறை என்பார், அம்மாவைக் கேட்டால் அப்பா முறை என்பார். போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு அன்று அழைத்தே வரவில்லை. மூன்று மாதக் கட்டணம் பாக்கி. ‘வளர்கிற பிள்ளை’ என்று ஷூவை வேறு இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இவளை நிறுத்திவிடலாமா? வைத்துக்கொண்டால் எப்படிக் கண்டிப்பது?

பதில்: இதே கடிதத்தை வயலின் ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள், நீச்சல் பயிற்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பிள்ளை அடங்கவில்லை, பெற்றோர் சரியில்லை, நிறுத்திவிடலாமா? வார்த்தைகூட மாறாது. அதனால் உங்கள் பொறுமையைப் பாராட்டி நாலு வரி எழுதப்போவதில்லை.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வகுப்பு முடிந்தாலும் ஸ்கேட்ஸைக் கழற்ற மாட்டாள் என்று. அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த ஷூவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணுக்கால் அசையாதபடி இறுக்கிக் கட்டுவது. ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வந்தால் கால்விரல் மரத்துப்போயிருக்கும். பெஞ்சைத் தொட்டதும் எல்லாப் பிள்ளைகளும் முதலில் செய்வது லேஸை அவிழ்ப்பதுதான். சிலர் பிளேடு உறையைக்கூட மாட்டாமல் அவிழ்க்கத் தொடங்கிவிடுவார்கள். இந்தப் பெண் மட்டும் அரை மணி, முக்கால் மணி அதை மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். வலிக்காதா? உங்களுக்குத் துருவின் நினைப்பு வந்தது. அந்தக் காலின் நினைப்பு ஏன் வரவில்லை?

ஷூவைக் கழற்றி, பிளேடைத் துடைத்து, பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டால் அவள் வீட்டுக்குப் போகத் தயார். அதற்குப் பிறகும் ஆள் வரவில்லை என்றால், கூட்டிப்போக ஆளில்லாமல் நிற்கிற பிள்ளை என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். பத்து வயதுக்கு மானம் உண்டு. ஸ்கேட்ஸ் காலில் இருக்கும்வரை அவளுக்கு வகுப்பு முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நினைத்துப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்தது. அப்பா தாமதமாக உள்ளே நுழைகிறார். மகள் இன்னும் ஷூவோடு உட்கார்ந்திருக்கிறாள். ‘இன்னும் கழட்டலையா? சீக்கிரம்!’ என்கிறார். அந்த நொடியில் தாமதம் அவருடையதாக இல்லாமல் அவளுடையதாகிவிடுகிறது. வகுப்பு இப்போதுதான் முடிந்தது என்றே அவர் நினைத்திருக்கலாம். தன் பெற்றோரைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று அந்தப் பிள்ளை வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு நீங்கள் வைத்த பெயர் அடங்காதவள்.

நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால், அபூர்வமாக அவர்கள் நேரத்துக்கு வந்த நாளை நினைத்துப் பாருங்கள். அன்று எவ்வளவு வேகமாகக் கழற்றினாள்?

சரி, ஆக்சலுக்கு வருகிறேன். போட்டியில் மதிப்பெண் தரும் மற்ற ஜம்ப்களுக்கெல்லாம் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே எழும்பலாம். ஆக்சல் ஒன்றுதான் முன்பக்கம் பார்த்து எழும்புவது. ‘சிங்கிள்’ என்று பெயரே தவிர, காற்றில் ஒன்றரைச் சுற்று. அப்புறம் ஒற்றைக் காலில், பின்பக்கமாக, பிளேடின் வெளி விளிம்பில் இறங்க வேண்டும். சரியான ஷூவிலேயே அது பிடிபடப் பல பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு சைஸ் பெரிய ஷூவில் குதிகால் உள்ளே ஏறி இறங்கும். கால் ஒரு பக்கம் சாய, பிளேடு ஒரு பக்கம் போகும். கனமான சாக்ஸ் போட்டாலும் அந்த ஆட்டம் நிற்காது. அவள் ஐஸ் மேல் உட்கார்ந்துவிடுகிறாள் என்றால் அவளுக்குப் புத்தி இருக்கிறது என்று அர்த்தம். ஷூ பெரிது என்று தெரிந்தும் குதிக்கச் சொன்னது உங்கள் தப்பு. சரியான ஷூ வரும்வரை ஜம்பை நிறுத்துங்கள். எட்ஜும் டர்னும், அதாவது பிளேடின் விளிம்பில் சறுக்குவதும் திரும்புவதும், சொல்லிக்கொடுங்கள். புதிதாக வாங்க வசதி இல்லாவிட்டால், கால் வளர்ந்து மற்றப் பிள்ளைகள் விட்ட நல்ல ஷூ உங்கள் கண்ணில்தான் முதலில் படும். தேடிக் கொடுங்கள்.

அவசரம் எதற்கு? சீனியர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 15லிருந்து 17 ஆக்கச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமே 2022ல் முடிவெடுத்துவிட்டது. வளரும் உடம்பையும் மனசையும் காப்பாற்றத்தான். உங்கள் மாணவிக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

எல்லார் முன்னாலும் திட்டினேன் என்கிறீர்கள். அதே 2022ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கமிலா வலியேவா என்ற 15 வயதுப் பெண் திரும்பத் திரும்ப விழுந்துவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தாள். ‘ஏன் விட்டாய், ஏன் போராடவில்லை’ என்றுதான் பயிற்சியாளர் கேட்டார். அந்தப் பெண்ணை அவளைச் சுற்றியிருந்தவர்கள் நடத்திய விதம் நெஞ்சை உறைய வைத்தது என்று ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக இருந்த தாமஸ் பாக் மறுநாளே வெளிப்படையாகச் சொன்னார். ஐஸை விட்டு வெளியே வருகிற பிள்ளையின் காதில் முதலில் விழுகிற சொல் உங்களுடையது. அதைப் பார்த்துப் பேசுங்கள். வகுப்பைக் கலைத்தால் இரண்டு நிமிடம் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள், யார் கலைத்தாலும் அதே இரண்டு நிமிடம். அப்புறம் பெயர் சொல்லித் திரும்பக் கூப்பிடுங்கள். கண்டிப்பு அவ்வளவு போதும்.

பெற்றோர் விஷயத்தில் நான் நடுநிலை பேச மாட்டேன். வேலை இருக்கலாம், இருவருக்குள் பிணக்கு இருக்கலாம், பணமுடை இருக்கலாம். இன்று என்னைக் கூட்டிப்போக யார் வருவார்கள் என்பது ஒரு பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. உங்கள் கட்டணத்தைவிடப் பெரிய பாக்கி இது. இருவரையும் ஒன்றாகக் கூப்பிடுங்கள், தனித்தனியாகப் பேசினால் பழையபடி பந்தை ஆளுக்கொரு பக்கம் தட்டுவார்கள். பிள்ளை அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. எந்தக் கிழமை யார் வருவது, முடியாவிட்டால் மூன்றாவதாக யார் என்று எழுதி வாங்குங்கள். ஷூவைப் பற்றிச் சொல்லுங்கள். பிறகு பெஞ்சில் நீங்கள் பார்த்ததை, நிமிடக் கணக்கோடு, ஒன்றும் சேர்க்காமல் சொல்லுங்கள். கேட்டுவிட்டு இருவரும் வாயடைத்துப் போனால் நீங்களும் பேசாமல் இருங்கள்.

அவர்கள் திருந்தும்வரை காத்திருப்பது உங்கள் கடமை. வகுப்பு நேரத்தோடு பொறுப்பு தீர்ந்தது என்று எந்த ஆசிரியர் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் தனியறையில் அவளோடு இருக்க வேண்டாம், உங்கள் வண்டியில் தனியாக ஏற்றிப்போகவும் வேண்டாம். இன்னொரு பெரியவர் பார்க்கும்படியான இடத்தில் இருங்கள். தாமதமாகும்போதெல்லாம் ரிங்க் (ஐஸ் மைதானம்) அலுவலகத்திலும் சொல்லிவிடுங்கள். அவளுக்கும் அது பாதுகாப்பு, உங்களுக்கும்.

கட்டணம் உங்கள் பிழைப்பு. அதற்கு ஒரு தேதி சொல்லுங்கள். தரவில்லை என்றால் நிறுத்துங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணத்துக்காகத்தான் நிறுத்துகிறேன் என்று பெற்றோரிடம் நேராகச் சொல்லுங்கள். அவள் குணத்தைக் காரணம் காட்டி அனுப்பாதீர்கள். வேறொருவர் செய்த தப்பை அவள் சுமப்பது அந்த பெஞ்சில் நடக்கிறதே, போதாதா?

அடுத்த வகுப்பு முடிந்ததும் உங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் காலிலும் ஸ்கேட்ஸ் இருக்கட்டும், அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். துருவைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், அப்பா எப்போது வருவார் என்ற கேள்வியும் வேண்டாம். நீங்கள் மெதுவாக லேஸை அவிழ்த்து, பிளேடைத் துடைத்துவிட்டு, அந்தத் துணியை அவள் பக்கமாக வையுங்கள்.