பேசாமல் செய்யும் வேலை: மெடிக்கல் கோடிங் எனக்குச் சரிவருமா?

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் முடித்து ஓராண்டு ஆகிறது. புதியவர்களிடம் பேசினாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. போன் மணி அடித்தால் எடுக்கத் தயக்கம். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கச் சொன்னால் சலிக்காமல் படிப்பேன். மெடிக்கல் கோடிங்கில் யாரிடமும் பேச வேண்டாம் என்கிறார்கள். உண்மையா? எப்படித் தயாராவது? (விழுப்புரம் வாசகி)

பதில்: பெரும்பாலும் உண்மை. ஆனால் விண்ணப்பிக்கும்போதே ஏமாந்துவிட வாய்ப்புள்ள இடம் ஒன்று இருக்கிறது. சென்னை, கோவை, திருச்சி நிறுவனங்கள் ‘மெடிக்கல் பில்லிங்’, ‘ஹெல்த்கேர் பிராசஸ்’ என்று பொதுப்பெயரில் ஆள் எடுக்கும்போது, அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வேலைகள் இருக்கலாம். ஒன்று கோடிங். மற்றது ஏஆர் காலிங். அமெரிக்க மருத்துவமனைக்கு வரவேண்டிய பணம் ஏன் நிலுவையில் நிற்கிறது என்று அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களைப் போனில் கூப்பிட்டுக் கேட்பதுதான் ஏஆர் காலிங். நம் இரவு அவர்களுக்குப் பகல் என்பதால் இரவு ஷிப்ட், பணிநேரம் முழுக்கப் பேச்சு. உங்களுக்கு வேண்டாதது அது. ‘இது வாய்ஸா, நான்-வாய்ஸா’ என்று நேர்காணலுக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். நியமனக் கடிதத்தில் ‘டிரெய்னி மெடிக்கல் கோடர்’ போலத் தெளிவான பதவிப்பெயர் இல்லாமல் வெறும் ‘பிராசஸ் அசோசியேட்’ என்று இருந்தால், எந்தப் பிரிவு என்று எழுத்தில் பதில் வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கோடரின் வேலை, டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அதிலுள்ள நோய்களையும் சிகிச்சைகளையும் குறியீடுகளாக மாற்றுவது. அமெரிக்காவில் நோய்களுக்கு ஐசிடி-10-சிஎம், டாக்டர் செய்தவற்றுக்குச் சிபிடி என இரண்டு தொகுப்புகள் முக்கியமானவை. குறியீட்டை மனப்பாடம் செய்யும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விதியைப் படித்துப் பொருத்தும் வேலை.

உதாரணமாக, ஒரு குறிப்பில் இரண்டாம் வகை சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், நாள்பட்ட சிறுநீரக நோய் நிலை 3பி ஆகிய மூன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். புதியவர் தனித்தனியாகத் தேடி இ11.9, ஐ10, என்18.32 என்று போடுவார். முதல் இரண்டும் தவறு. சர்க்கரைக்கும் சிறுநீரக நோய்க்கும், ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் தொடர்பு உண்டு என்று விதியே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தொடர்பில்லை என்று டாக்டர் எழுதியிருந்தால் மட்டுமே பிரிக்கலாம். ஆகவே சரியான விடை இ11.22, ஐ12.9, அவற்றோடு நிலையைக் காட்ட என்18.32. இந்த மாதிரி இடத்தில் நிதானமாக வாசிப்பவருக்குத்தான் மதிப்பு. நீங்கள் சொன்ன ‘சலிக்காமல் படிப்பேன்’ என்பது இங்கே பெரிய தகுதி.

தொடக்கத்தில் இன்னும் இரண்டு இடங்களில் பலரும் வழுக்குவார்கள். புறநோயாளிக் குறிப்பில் ‘மாரடைப்பாக இருக்கலாம்’ என்றிருந்தால் மாரடைப்புக்குக் குறியீடு போடக்கூடாது, நெஞ்சுவலி என்ற அறிகுறிக்குத்தான் போட வேண்டும். அடுத்தது, எலும்பு முறிவுக் குறியீட்டின் ஏழாவது எழுத்து. அங்கே வரும் ‘ஏ’ முதல் தடவை வந்ததைக் குறிப்பதல்ல. சிகிச்சை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் குறிப்பது. மூன்றாவது தடவை வந்தாலும், அறுவை சிகிச்சை அப்போதுதான் நடக்கிறது என்றால் ‘ஏ’தான்.

பேச்சு அறவே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. முதல் சில வாரங்கள் வகுப்பறைப் பயிற்சி. அதில் கேள்வி கேட்பார்கள். பிறகு தினமும் அல்லது வாரத்தில் சில நிமிடங்கள் டீம் லீடர் கூட்டம். உங்கள் வேலையைத் தணிக்கையாளர் சோதித்துத் தவறு குறிப்பார். துல்லியம் 95 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது பரவலாக உள்ள எதிர்பார்ப்பு. அவர் குறித்தது தவறென்று பட்டால் மறுப்பை எழுதி அனுப்பலாம், எந்த விதி, எந்தப் பத்தி என்று காட்டினால் போதும். பேசத் தயங்குபவர்கள் பலர் இந்த மறுப்பை எழுதாமலே விட்டு மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அது வீண் நஷ்டம். எழுத்தில்தானே கேட்கிறார்கள், தயங்காமல் எழுதுங்கள்.

பிரிவு கேட்டு வாங்க முடிந்தால் எச்சிசி பிரிவு உங்களுக்குப் பொருந்தும். பழைய கோப்புகளைப் படித்து, பெரும்பாலும் நாள்பட்ட நோய்களை எடுக்கும் வேலை. நோயாளி பெயர், பார்த்த தேதி, டாக்டரின் கையொப்பமும் பட்டமும் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து நோயை எடுக்க முடியாமல் போகும். அந்த நோயை டாக்டர் கண்காணித்தாரா, மதிப்பிட்டாரா, மருந்து கொடுத்தாரா என்பதற்கு அங்கே சான்று வேண்டும். வெறும் பட்டியலில் பெயர் இருப்பது போதாது.

நேர்காணலுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரம் உடல் மண்டலங்கள், உங்கள் விலங்கியல் பாடம் பாதி வேலையை முடித்துவிடும். மூன்றாவது வாரம் மருத்துவச் சொற்களின் விகுதிகள்: ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுத்தல், ‘ஆட்டமி’ என்றால் கீறல், ‘ஆஸ்டமி’ என்றால் திறப்பு ஏற்படுத்துதல். கடைசி வாரம் சுய அறிமுகம். ஆறு வாக்கியம் போதும். எழுதி, போனில் பதிவுசெய்து, தினம் ஐந்து முறை சொல்லிப் பாருங்கள். தடுமாற்றம் முதல் வாக்கியத்தில்தான் வரும். அது வாயில் பழகிவிட்டால் மற்றவை தொடரும்.

கோடர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்பான ஏஏபிசியின் சிபிசி தேர்வு 4 மணி நேரம், 100 கேள்விகள், தேர்ச்சிக்கு 70 சதவீதம். குறியீட்டுப் புத்தகங்களைப் பார்த்து எழுதலாம். சான்றிதழ் இல்லாத புதியவர்களை எடுத்துப் பயிற்சி தரும் நிறுவனங்களும் இருக்கின்றன, முதலில் அவற்றை முயலுங்கள். தேர்வுக்குப் போவதானால் பழைய புத்தகத்தை மலிவாக வாங்காதீர்கள். ஐசிடி ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்றும், சிபிடி ஜனவரி 1 அன்றும் மாறும். அனுபவமில்லாமல் தேறுபவருக்குச் சிபிசி-ஏ என்று ஒரு ‘ஏ’ ஒட்டியே பட்டம் வரும். பணி அனுபவத்தைக் காட்டிய பிறகு அதை நீக்குவார்கள். ‘வேலை உறுதி’ என்று முன்பணம் கேட்கும் பயிற்சி நிலையங்களை ஒதுக்கிவிடுங்கள்.

அரசு வேலையும் மனதில் இருக்கலாம். நேர்காணல் இல்லாத தேர்வு வேறு, மக்கள் தொடர்பில்லாத வேலை வேறு. குரூப் 4 தேர்வுக்கு நேர்காணல் கிடையாது, ஆனால் கிராம நிர்வாக அலுவலர் ஆனால் நாள் முழுக்க வாசலில் ஆள் நிற்பார்கள். ரயில்வேயின் சரக்கு ரயில் மேலாளர் பதவி அப்படியில்லை. ஏதாவது ஒரு பட்டம் போதும், கணினித் தேர்வுகள், சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, அவ்வளவுதான். கடைசிப் பெட்டியில் தனியே பயணம், ஓட்டுநருடனும் நிலையத்துடனும் வாக்கி-டாக்கியில் சில சொற்கள். நேரங்கெட்ட நேரத்தில் பணி வரும், கண்பார்வைத் தகுதியும் கடுமை.

ஒன்றை மட்டும் தனியே யோசியுங்கள். கடைக்குப் போகவும், உறவினர் வீட்டு விசேஷத்தில் நிற்கவும் கூட நடுக்கம் வந்தால் அது கூச்ச சுபாவமாக மட்டும் இருக்காது. சிகிச்சையால் குறையக்கூடிய பதற்றக் கோளாறாக இருக்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவச ஆலோசனை கிடைக்கும். போனில் பேசுவதே சிரமம் என்றால், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வீட்டாரில் ஒருவரோடு போய், கேள்வியில் எங்களுக்கு எழுதியதையே ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள்.