டி.ஆர்.சி. 'சரி' என்றது, தடம் ஏன் கருகியது?

கேள்வி: மேல்தொட்டி நிரம்பியதும் அரை எச்.பி. மோட்டாரை நிறுத்தும் ரிலே போர்டை கீகேடில் (சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருள்) வரைந்தேன். அதில் வடிவமைப்பு விதிகளைச் சரிபார்க்கும் டி.ஆர்.சி. ஒரு பிழைகூடக் காட்டவில்லை. போர்டு செய்து வாங்கி மாட்டினால், ரிலேவை ஒட்டிய செம்புத் தடம் கருகிவிட்டது. எங்கே கோளாறு?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: டி.ஆர்.சி. மேல் பழி போடாதீர்கள். எந்தத் தடத்தில் 5 வோல்ட், எதில் 230 வோல்ட் என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாத் தடத்துக்கும் 0.2 மி.மீ. அகலம், 0.2 மி.மீ. இடைவெளி என்றே வைத்துக்கொள்ளும். ரிலே காயிலின் 70 மில்லி ஆம்பியருக்கு அது தாராளம். மோட்டாருக்கு?

போர்டு செட்டப்பில் நெட் கிளாஸ் (ஒன்றோடொன்று இணைந்த தடங்களான 'நெட்'களை வகைப்படுத்தும் இடம்) பகுதியைத் திறந்து 'மெயின்ஸ்' என்று தனி வகுப்பு உண்டாக்குங்கள். ஃபேஸ், நியூட்ரல், மோட்டாருக்குப் போகும் நெட் மூன்றையும் அதில் சேருங்கள். இடைவெளி 3 மி.மீ. கொடுங்கள். அரை எச்.பி. மோட்டார் ஓடும்போதே 3, 4 ஆம்பியர் இழுக்கும். 35 மைக்ரான் செம்பில் 4 ஆம்பியருக்கு 10 டிகிரிக்கு மேல் சூடேறாமலிருக்க 2 மி.மீ. அகலம் வேண்டும். ஸ்டார்ட்டிங் கரண்ட் அதைப்போல ஐந்தாறு மடங்கு என்பதால் 4 மி.மீ. போடுங்கள்.

கடைகளில் கிடைக்கும் நீல நிற 5 வோல்ட் ரிலேவில் ஒரு வில்லங்கம் உண்டு. 230 வோல்ட் வரும் அதன் காமன் கால், இரண்டு காயில் கால்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். 230 வோல்ட்டுக்கும் உங்கள் மைக்ரோகன்ட்ரோலர் பக்கத்துக்கும் நடுவே பலகைப் பரப்பில் 6 மி.மீ.யாவது தூரம் வேண்டும். அங்கே அது கிடைக்காது. பலகையை வெட்டும் கோடுகளை வரையும் எட்ஜ் கட்ஸ் லேயரில் காமன் காலைச் சுற்றி மூன்று பக்கமும் 1.5 மி.மீ. அகலத்தில் பிளவு வரையுங்கள். கிரவுண்ட் செம்பு நிரப்பலும் மெயின்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

இவ்வளவு செய்தாலும், இந்தச் சின்ன ரிலேவில் மோட்டாரை நேராகக் கட்டுவது நல்லதில்லை. காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் தொட்டி வழிந்தாலும் மோட்டார் நிற்காது. ரிலே ஒரு கான்டாக்டரை (மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும்.

கேள்வி: ரிலேவை இயக்கும் பிசி547 டிரான்சிஸ்டர் போட்ட இடத்தில் பிஎன்2222 போட்டேன். ரிலே இழுக்கவில்லை.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், பிசி547 இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222 எமிட்டர், பேஸ், கலெக்டர். திருப்பி மாட்டினால் போதும்.

கேள்வி: காசிமேட்டில் கடல் காற்றில் போர்டின் பேடுகள் (பாகங்களைப் பற்றவைக்கும் செம்புப் புள்ளிகள்) பச்சை பிடிக்கின்றன.
– வாசகர், காசிமேடு

பதில்: வடிவமைக்கும்போதே வயாக்களை (செம்பு அடுக்குகளை இணைக்கும் துளைகள்) சோல்டர் மாஸ்க் என்ற காப்புப் பூச்சால் மூடிவிடுங்கள். பற்றவைத்த பின் ஃப்ளக்ஸ் கறையை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் கழுவுங்கள். உப்பு ஈரம் அந்தக் கறையில்தான் முதலில் தங்கும். நன்றாகக் காய்ந்ததும் கனெக்டர்களை டேப்பால் மறைத்து, அக்ரிலிக் கோட்டிங்கை மெல்லிசாக இரண்டு முறை ஸ்ப்ரே செய்யுங்கள். முதல் பூச்சு காயாமல் இரண்டாவதை அடித்தால் குமிழ் விடும்.