வாசகர் கேள்வி: உறைநிலையில் காக்கப்படும் திசுக்கள்

கேள்வி: இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் விலங்குகளின் தோலும் எலும்பும் நூறாண்டுகளுக்கு மேலாகக் கெடாமல் இருக்கும்போது, திசுக்களைத் தனியே உறையவைத்துக் காப்பது எதற்காக? மின்சாரம் நின்றுபோனால் அவை என்னவாகும்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: திசுக்களை உறையவைப்பது முக்கியமாக அவற்றிலுள்ள மரபுப்பொருளான டி.என்.ஏ. போன்றவற்றைச் சிதையாமல் காக்கத்தான். பழைய தோலிலும் டி.என்.ஏ. எஞ்சியிருக்கும் என்பது உண்மையே. தென்னாப்பிரிக்காவில் அற்றுப்போன குவாகா என்னும் வரிக்குதிரையின் தோலிலிருந்து அதைப் பிரித்தெடுத்த செய்தி 1984-இல் வெளியானது. ஆனால் கிடைத்தவை சிறு துணுக்குகளே. உயிர் பிரிந்ததும் செல்களிலுள்ள நொதிகள் டி.என்.ஏ.வைச் சிதைக்கத் தொடங்குகின்றன; உடல்களை அழுகாமல் வைக்கப் பயன்படும் ஃபார்மலின் திரவத்தில் இட்டால் அது மேலும் சேதமடைகிறது; டி.என்.ஏ.வின் செய்தியைச் செல்லுக்குள் எடுத்துச்செல்லும் ஆர்.என்.ஏ.வோ இன்னும் விரைவாக அழிகிறது. அதனால்தான் ஈரல், தசை போன்றவற்றின் சிறு துண்டுகளை, முடிந்தால் சேகரித்த இடத்திலேயே, உறையவைக்கிறார்கள்.

நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2001-இல் இதற்கென ஆம்ப்ரோஸ் மோனெல் தொகுப்பைத் தொடங்கியது. அங்குள்ள உருளைத் தொட்டிகளின் அடியில் −196 டிகிரி செல்சியஸ் குளிரில் திரவ நைட்ரஜன் இருக்கும். அதிலிருந்து எழும் ஆவியில், −150 டிகிரிக்கும் கீழான குளிரில், குப்பிகள் அடுக்கப்பட்டிருக்கும். அந்தக் குளிரில் வேதிவினைகள் ஏறத்தாழ நின்றுவிடுகின்றன. இந்தக் குளிர் மின்சாரத்தால் உண்டாவதன்று என்பதால், மின்தடை நேர்ந்தாலும் நைட்ரஜன் தீராதவரை திசுக்களுக்கு ஆபத்தில்லை. சாதாரண −80 டிகிரி உறைபெட்டிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒருமுறை உருகி மீண்டும் உறைந்த திசு தன் தரத்தை இழந்துவிடும்.

இத்தகைய சேமிப்பின் அருமையை 1993-இல் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி கண்டது. இனந்தெரியாத நுரையீரல் நோயால் இளைஞர்கள் அடுத்தடுத்து இறந்தபோது, மான் எலிகள் பரப்பும் ஒரு ஹன்டா வைரஸே காரணம் என்று தெரியவந்தது. வேறு ஆய்வுகளுக்காக அருங்காட்சியகங்கள் முன்பே உறையவைத்திருந்த எலித் திசுக்களைச் சோதித்தபோது, அந்த வைரஸ் புதிதாக வந்ததன்று, பல ஆண்டுகளாகவே அந்த எலிகளிடம் இருந்தது என்பது உறுதியாயிற்று. அவற்றைச் சேகரித்தவர்கள் இந்த நோயைக் கேள்விப்பட்டவர்கள்கூட அல்லர்!

குளிரைவிடவும் நான் முக்கியமாகக் கருதுவது பதிவேட்டைத்தான். எந்த உயிரினம், எங்கே, எந்நாளில் கிடைத்தது என்ற குறிப்பும், அதே விலங்கின் தோலோ எலும்போ எந்த அலமாரியில் உள்ளது என்ற எண்ணும் இல்லையென்றால், இனத்தை மறுபடி சரிபார்க்க வழியில்லாத அந்தத் திசு பெரும்பாலும் பயனற்றதாகிவிடும். மேலும், ஒவ்வோர் ஆய்வும் திசுவில் சிறிதளவைத் தீர்த்துவிடுகிறது. அதனால் கேட்பவர் எல்லோருக்கும் கொடுத்துவிடாமல், நோக்கத்தையும் தேவையான அளவையும் ஆராய்ந்த பிறகே பொறுப்பாளர்கள் ஒரு சிறு கீற்றை வெட்டித் தருகிறார்கள்.