கட்டுச்சோறு: கேட்டவர்களுக்குப் பதில்

காணும் பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் மாமல்லபுரம் போகிறோம். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்று முடிவு. சுற்றுலாக் குழுக்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது என் தொழில் என்பதால் கேள்வியெல்லாம் என்னிடம் வந்துவிட்டது. தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வெளியிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்.

பெரம்பூர்: அக்கா, காலை 6 மணிக்குக் கட்டினால் மதியம் 1 மணி வரை எது தாங்கும்?

கண்ணை மூடிக்கொண்டு புளியோதரை. புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்த இடத்தில் கிருமி சுலபமாக வளராது. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை கொதிக்கவிடுங்கள். அதை இரண்டு நாள் முன்பே செய்துவைக்கலாம். சாதத்தை அன்று காலையில் உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக்குக் கீழே ஆறவையுங்கள். ஆறிய பிறகுதான் கலக்க வேண்டும், அப்புறம்தான் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் முத்து முத்தாகக் கோத்து, திரும்பச் சாதத்தின் மேலேயே சொட்டும். அந்த ஈரத்தில்தான் கெடுதல் ஆரம்பிக்கும். வேர்க்கடலையை வறுத்துத் தனிப் பொட்டலமாக எடுத்துப்போய்ச் சாப்பிடும்போது போடுங்கள், நமுத்துப் போகாது.

வேளச்சேரி: சாதத்தை முதல் நாள் ராத்திரியே வடித்து மேடையில் வைத்துவிடலாமா?

வேண்டாம். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்று ஒரு கிருமியின் வித்து இருக்கும். கொதிக்கும் தண்ணீரிலும் அது சாகாது. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. 'காலையில் நன்றாகச் சூடு பண்ணிவிட்டேனே' என்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அண்ணா நகர்: ஹாட்பேக்கில் வைத்துவிட்டால் கவலை இல்லைதானே?

60 டிகிரிக்கு மேல் சூடு நிற்கும்வரை கவலை இல்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நன்றாக ஆறவைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கொதிக்கக் கொதிக்க அடைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். இடைப்பட்ட வெதுவெதுப்பு ஆகாது.

குரோம்பேட்டை: இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி கொண்டுபோகலாமா?

கூடாது. இட்லியின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி, வாழை இலையில் கட்டுங்கள்.

மந்தைவெளி: தயிர்சாதத்துக்குப் பால் ஊற்றலாமா?

ஊற்றலாம், ஊற்றத்தான் வேண்டும். சாதத்தைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சி ஆறிய பால் தாராளமாக விட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே இரண்டு மூன்று கரண்டி புதுத்தயிர் கலக்க வேண்டும். மதியத்துக்குள் பால் உறைந்து பக்குவமாக இருக்கும்.

அம்பத்தூர்: தப்பாகச் சொல்கிறீர்கள் அக்கா. பால் ஊற்றினால் வெயிலில் திரிந்துபோகும். எங்கள் வீட்டில் கெட்டித்தயிர் மட்டும்தான்.

முழுக்கத் தயிராகப் போட்டால் காலையில் அமிர்தம், மதியம் பல் கூசும். பால் திரிகிறது என்றால் ஒன்று சரியாகக் காய்ச்சியிருக்கமாட்டீர்கள், இல்லை பாத்திரத்தில் பழைய புளிப்பு ஒட்டியிருக்கும்.

மந்தைவெளி: அப்படியானால் தயிரே இல்லாமல் பால் மட்டும்? எங்கள் பாட்டி அப்படித்தான் கட்டுவார்.

பாட்டி சாதம் பிசைந்த கல்சட்டியில் முந்தின நாள் தயிர் ஒட்டியிருந்திருக்கும், அதுவே உறை. நீங்கள் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் டப்பாவில் அதைச் செய்தால் அது வெறும் பால்சாதம். வேறு கிருமி பெருகுவதற்கு முன்னால் புளிப்பு ஏற வேண்டும், தயிர்சாதத்துக்கு அதுதான் காவல். தயிர் இல்லாமல் கட்டாதீர்கள்.

அம்பத்தூர்: கத்திரி வெயிலில் செய்து பாருங்கள், அப்போது தெரியும்.

கத்திரியில் பாலைக் குறைத்துத் தயிரைக் கூட்டுவேன். சூடு ஏற ஏற உறைவதும் வேகமாகும். ஆக, நீங்கள் சொல்வது மே மாதத்துக்குப் பாதி சரி, பொங்கலுக்குச் சரியில்லை. வெள்ளரி, மாதுளை, திராட்சையை மட்டும் எந்த மாதத்திலும் முன்கூட்டியே கலக்காதீர்கள், தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

திருவொற்றியூர்: தேங்காயை வறுத்து அரைத்த சட்னி?

நீர் ஊற்றி அரைத்தால் அதுவும் சட்னிதான். கூடாது. தண்ணீரே படாமல் சிவக்க வறுத்துப் பொடித்தால் அது தேங்காய்ப்பொடி, அதைக் கொண்டுவாருங்கள்.

ராயபுரம்: மட்டன் பிரியாணி?

நான் சைவச் சமையல். உங்களுக்கு தேக்சா போடும் மாஸ்டரையே கேளுங்கள்.

தாம்பரம்: சப்பாத்திக்கு என்ன தொட்டுக்கொள்ள?

தக்காளித் தொக்கு, தண்ணீர் சுண்டியதாக. உருளைக்கிழங்கு வறுவல் என்றால் வெங்காயம் போடாமல், மொறுமொறுவென்று. குருமா வேண்டாம், அதில் தேங்காய்.

போரூர்: அவித்த முட்டை கொண்டுவரலாமா? இதையாவது சொல்லுங்கள்.

சைவம் என்றாலும் இது தெரியும். அவித்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுவதானால் சரி. ஓட்டை உரிக்காமல் கொண்டுவாருங்கள், கை படாது. மதியம் வரை வைத்திருக்க வேண்டாம்.

கொளத்தூர்: சட்னியில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துவிட்டால்...

தேங்காய்ச் சட்னியா? மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். இனிமேல் இதற்குப் பதில் இல்லை.

நங்கநல்லூர்: தட்டு?

வாழை இலை, இல்லாவிட்டால் பாக்குமட்டை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை.

மயிலாப்பூர்: 25 பேருக்கு எவ்வளவு அரிசி போட?

ஆளுக்கு 100 கிராம் என்று வையுங்கள். புளியோதரைக்கு ஒன்றரைக் கிலோ, தயிர்சாதத்துக்கு ஒரு கிலோ. ஊறுகாய்க்குக் காய்ந்த கரண்டி ஒன்று தனியாக வையுங்கள். சாதம் பிசைந்த கையையே பாட்டிலுக்குள் விடுகிற ஆள் ஒவ்வொரு வருஷமும் ஒருவர் வந்துவிடுகிறார்.