ரப்பர் பேண்டு தழும்பு

கேள்வி: மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் பழைய கார்டு ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனதாகப் படித்தேன். பபிள்கம்மோடு வந்த அட்டைக்கு ஏன் அவ்வளவு விலை? நீங்கள் சேர்ப்பவராயிற்றே, அந்தக் காலத்துக் கார்டு உங்களிடம் இருக்கிறதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அது டாப்ஸ் கம்பெனி 1952-இல் போட்ட 311-ஆம் எண் கார்டு. மேன்டிலின் முதல் கார்டு அதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முந்தைய வருடமே போமன் கம்பெனி அவருக்கு ஒன்று போட்டிருந்தது. ஆனால் டாப்ஸ் கார்டு அதைவிடப் பெரியது, வண்ணம் கண்ணைப் பறிக்கும். முன்பக்கம் வீரரின் கையெழுத்தும் அணியின் சின்னமும், பின்பக்கம் ஆட்டக் கணக்கும் இருக்கும். அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் சை பெர்கர்.

மொத்தம் 407 கார்டுகள். எல்லாவற்றையும் ஒரேயடியாக விடவில்லை, தவணை தவணையாக விட்டார்கள். 311-இலிருந்து கடைசித் தவணை. அது கடைக்கு வந்தபோது சீசன் முடியும் நேரம், பிள்ளைகளின் மனசு அமெரிக்க ஃபுட்பாலுக்குத் தாவிவிட்டது. மிட்டாய்க் கடைக்காரர்கள் வாங்கத் தயங்கினார்கள். கிடங்கில் தேங்கிய பெட்டிகளை 1960-இல் படகில் ஏற்றிப்போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக பெர்கரே சொல்லியிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சரி, என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன். மேன்டில் இல்லை. அதே வரிசையின் 1-ஆம் எண், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஆண்டி பாஃப்கோ. 1951 அக்டோபர் 3-ஆம் தேதி நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் எதிரணி ஜயன்ட்ஸின் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன் டாட்ஜர்ஸின் லீக் பட்டக் கனவைக் கலைத்ததே, அன்று இடது மூலையில் நின்று அது தலைக்கு மேலே பறப்பதை அண்ணாந்து பார்த்தவர் இவர்தான்.

அவர் கார்டு நல்ல நிலையில் கிடைப்பது அபூர்வம். காரணம் அந்த எண்தான். பையன்கள் கார்டுகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டுக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொள்வார்கள். மேலே இருக்கிற பாஃப்கோதான் எல்லா அடியையும் வாங்குவார். நியூஜெர்சியில் இருந்த நாட்களில் ஒரு கார்டு கண்காட்சியில் வாங்கினேன். நான்கு மூலையும் மழுங்கி, பக்கவாட்டில் ரப்பர் பேண்டு அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். கண்ணாடி உறைக்குள் தூங்கும் புதுக்கருக்கு அழியாத கார்டைவிட இதுதான் எனக்கு உசத்தி. ஒரு பையன் இதை வைத்து உண்மையிலேயே விளையாடியிருக்கிறான்.

அடுக்கின் அடியில் கிடந்த 407-ஆம் எண் எடி மேத்யூஸுக்கும் இதே கதிதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ரொம்ப நாளாக ஆசை. அவருக்கு அது அறிமுகக் கார்டு, அதாவது முதல் கார்டு; அதனால் விலை அதிகம், கசங்கியதுகூட இன்னும் என் கைக்கு எட்டவில்லை.