பெரிய எச்-சுட்டெண் உள்ள பேராசிரியரிடம்தான் மகள் போகவேண்டுமா?

அக்கா, மகளுக்கு வந்திருக்கும் இரண்டு கலாநிதிப் பட்ட (பிஎச்.டி.) அழைப்புகளையும் பார்த்தேன். அழைத்த பேராசிரியர்கள் இரண்டு பேருமே புற்றுநோய் மருந்து ஆராய்ச்சிக்காரர்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலர் தளத்தில் ஒருவருக்கு எச்-சுட்டெண், அதாவது அவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு எடுத்தாள்கிறார்கள் என்று காட்டும் எண், 90ஐத் தாண்டிவிட்டது, மற்றவருக்கு 28. நீங்கள் 90ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், அவள் 28ஐ. வெள்ளவத்தையில் டியூஷன் மாஸ்டரைத் தேடும்போது "போன முறை உயர்தரப் பரீட்சையில் எத்தனை பிள்ளைகளுக்கு மூன்று ஏ?" என்று கேட்போமே, அந்தப் பழக்கம்தான் இங்கேயும் வந்து நிற்கிறது. ஆனால் மூன்று ஏ பிள்ளைகள் எடுத்தது. இந்த எண்ணோ பேராசிரியருடையது.

2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் சொன்ன கணக்கு இது. சுட்டெண் 90 என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது 90 தடவை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 90 இருக்கின்றன. வருடம் போகப்போக அது கூடுமே தவிர குறையாது. முதலாமவர் முப்பது வருடத்துக்கு மேலாக எழுதுகிறார், மற்றவர் ஆய்வுகூடம் தொடங்கி இன்னும் பத்து வருடம் ஆகவில்லை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே சரியில்லை. மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரைகளுக்கு மேற்கோள் கொட்டும். பெரிய மருத்துவப் பரிசோதனை ஒன்றில் பல டசின் பெயர்களில் ஒன்றாக இருந்தாலும் மேற்கோள் முழுதாகக் கணக்கில் சேரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆம்ஜென் என்ற மருந்துக் கம்பனியின் ஆட்கள், புற்றுநோய்த் துறையில் முக்கியமானவை என்று கருதப்பட்ட 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 6 மட்டுமே அதே முடிவைக் கொடுத்தன என்று 2012இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பல பேர் எடுத்தாண்ட கட்டுரை என்பதற்காக அது சரியான கட்டுரை ஆகிவிடாது.

அப்போ எதைப் பார்ப்பது? பெயர் வரிசையைப் பாருங்கள். இந்தத் துறையில் வேலையில் பெரும்பங்கைச் செய்தவரின் பெயர் முதலில் வரும், ஆய்வுகூடத் தலைவரின் பெயர் கடைசியில் வரும். டாக்ஸோல் என்ற புற்றுநோய் மருந்தையே எடுங்கள். பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த அந்தப் பொருளின் அமைப்பை 1971இல் மன்சுக் வாணி, மன்ரோ வோல் என்ற இரசாயனவியலாளர்களின் குழு வெளியிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்று 1979இல் நேச்சரில் காட்டியது நியூயோர்க்கில் சூசன் ஹோர்விட்ஸின் ஆய்வுகூடம். அந்தக் கட்டுரையில் முதல் பெயர் அவருடைய மாணவர் பீட்டர் ஷிஃப், கடைசிப் பெயர் ஹோர்விட்ஸ். மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992 முடிவில்தான். மேற்பார்வையாளர் மாணவருக்கு இப்படி இடம் விடுகிறாரா என்பதுதான் உங்கள் மகளுக்கு வேண்டியது.

நான் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் இரண்டு பேராசிரியர்களின் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளையும் புரட்டினேன். 90காரரின் கட்டுரைகளில் முதல் பெயர்கள் பெரும்பாலும் ஏற்கனவே கலாநிதிப் பட்டம் முடித்தவர்களுடையவை. மாணவர்கள் நடுவில் எங்கோ இருக்கிறார்கள். 28காரரிடம் படித்த மூன்று பேரும் தலா ஒரு கட்டுரையாவது முதல் பெயரில் போட்டிருக்கிறார்கள். ஒருவர் இப்போது மருந்துக் கம்பனியில் இருக்கிறார். இதை வைத்து 28தான் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, பெரிய இடத்தில் உபகரணமும் தொடர்புகளும் அதிகம்தான். ஆனால் மகள் சும்மா பிடிவாதம் பிடிக்கவில்லை.

வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். மருந்துக் கம்பனிகளில் பல ஆய்வு முடிவுகள் காப்புரிமையாகத்தான் வெளிவரும், கட்டுரை எண்ணிக்கை அங்கே அவ்வளவு பேசாது. என்ன நுட்பம் கையில் இருக்கிறது என்று கேட்பார்கள். திரும்பி வந்து கொழும்புக் கம்பஸில் விரிவுரையாளராக விரும்பினால் கதை வேறு, அங்கே கட்டுரைகளும் எண்ணப்படும். அதற்காக, காசு கட்டினால் இரண்டு வாரத்தில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கம் மட்டும் போகவேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இந்தக் கிழமையே மகள் இரண்டு ஆய்வுகூடங்களிலும் படித்து வெளியேறிய ஒவ்வொருவருக்கு எழுதட்டும். உதவித்தொகை எத்தனை வருடம், பேராசிரியரை எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கலாம், இடையில் விட்டுப்போனவர்கள் உண்டா என்று கேட்டால் போதும். அனுப்ப முன் எனக்கு ஒருக்கால் காட்டச் சொல்லுங்கள். முதல் பந்தி முழுக்கப் பேராசிரியரின் புகழைப் பாடிவிட்டுக் கேள்வியைக் கடைசி வரியில் ஒளித்து வைப்பது எங்கள் பிள்ளைகளின் வழக்கம், அதை வெட்டித் தருகிறேன்.