சயாமுக்குப் போன அப்பாவைப் படமெடுக்கலாமா?

கேள்வி: ஜப்பான்காரன் காலத்தில் என் அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. கோலாலம்பூரில் சினிமா படிக்கும் என் பேரன் அதைக் குறும்படமாக எடுக்கப்போகிறானாம். என் அக்காவோ, "செத்தவரை வைத்து வேடிக்கை காட்டுவதா?" என்று சாப்பிடாமல் கிடக்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, நானும் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். சின்ன வயதில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி, குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய அந்த இங்கிலீஷ் படத்தைப் போட்டார்கள். 1957இல் வந்து ஏழு ஆஸ்கர் வாங்கிய படம், எடுத்தது இலங்கையில். தாத்தாவைச் சயாமில் பறிகொடுத்த பாட்டி முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்கள், பாலம் கட்டினார்கள். பாதிப் படத்தில் பாட்டி கேட்டார்: "நம்ம ஆளுங்க எங்கடா?"

இரண்டாம் உலகப் போரில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட பாதை அது, 415 கிலோமீட்டர். படத்தில் வரும் பாலமும் அந்தப் பாதைக்குத்தான். ஜப்பானிடம் பிடிபட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர் என்று ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போலப் பல மடங்கு, காலராவிலும் பட்டினியிலும். கைதிகளுக்கும் அந்தப் படம் நியாயம் செய்யவில்லை. அங்கே இருந்த அதிகாரி பிலிப் டூசி, தன் ஆட்களைக் காப்பாற்றப் போராடியவர். படத்துக் கர்னலோ எதிரிக்காகப் பெருமையோடு பாலம் கட்டுகிறார். பிழைத்து வந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அவர்களாவது கோபப்பட முடிந்தது, திரையில் ஆளே இல்லாத என் பாட்டி எதைப் பிடித்துச் சண்டை போடுவார்?

ஆகவே எடுக்கட்டும் என்பதுதான் என் கட்சி. பரிசுக்கோ காசுக்கோ எடுக்கிறான் என்ற கவலை வேண்டாம். குறும்படத்தில் யாரும் பணக்காரர் ஆனதில்லை. பிணக்குவியலும் ஒப்பாரியும் வேண்டாம் என்று மட்டும் பையனிடம் சொல்லுங்கள்.

அக்காவை அவசரப்படுத்தாதீர்கள். ஜப்பான்காரர்கள் இலவசப் படம் என்று கூட்டம் சேர்த்து, கொட்டகைக் கதவைச் சாத்தி, ஆட்களை அப்படியே சயாமுக்கு ஏற்றிய கதைகளும் உண்டு. அவர் காதில் அது விழுந்திருக்கும். பேரன் முதலில் கேமரா இல்லாமல் போகட்டும். அப்பா கிளம்பிய அன்று என்ன சட்டை போட்டிருந்தார் என்று மட்டும் கேட்கட்டும். சொன்னால் கேட்டுக்கொள்ளட்டும். சொல்லாவிட்டால் தேத்தண்ணி குடித்துவிட்டு வரட்டும், அடுத்த வாரம் திரும்பப் போகலாம்.